ஆண்டிக்குறிச்சி சொன்ன இரண்டு மணி நேரம்

பானுப்ரியாவைப் பற்றி ஆண்டிக்குறிச்சியில் யாரைக் கேட்டாலும், அவள் அந்த ஊர்க்காரி இல்லை என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். பதினான்கு வருடமாக அந்த ஊரில்தான் அடுப்பு மூட்டுகிறாள், களை எடுக்கிறாள், வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறாள். ஆனாலும் அவள் ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காட்டில் பிறந்தவள். "மழையப் பாத்து மரம் காய்க்கிற ஊருல பொறந்தவளுக்குக் கெணத்துத் தண்ணி அருமை எங்கேருந்து தெரியும்?" என்று அவளுடைய ஓரகத்தி கிருஷ்ணம்மாள், கல்யாணமான முதல் மாதமே சொன்னாள். சொன்னது அடுப்படியில்; ஆனால் வாசல்வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

பானு படித்தவள். அரியலூரில் கல்லூரிக்குப் போய் நிலவியல் படித்தாள். கடைசிப் பரீட்சை முடிந்த ஒன்பதாம் நாள் கல்யாணம். கணவன் கலைவாணன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து நாற்பது நாள் இருப்பான். ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவனுடைய அண்ணன் அய்யாக்கண்ணு. பார்த்துக்கொள்வது என்றால், தன் பாதியில் தானும் தம்பியின் பாதியில் பானுவும் பாடுபட, இரண்டின் மேலும் அதிகாரம் செய்வது.

மொத்தம் ஆறு ஏக்கர். மாமனார் இறந்த மறுவருடமே நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். மாடுகளைப் பிரித்தார்கள், வரப்போரத்து வேப்பமரங்களை எண்ணிப் பிரித்தார்கள், பழைய இரும்பு அண்டாவைக்கூட ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவருக்கு ஈடு கொடுத்தார். கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. அறுபது அடிக் கிணறு. அதற்குள் இறக்கிய போர், அதன் மேல் ஒரு மோட்டார். மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் தம்பி முறை.

அண்ணனை நம்பித் தம்பி தண்ணீர் விடுவதில்லை, தம்பி பெண்டாட்டியை நம்பி அண்ணனும் விடுவதில்லை. அதனால் மோட்டார் கொட்டகையின் உள்சுவரில் கரிக்கோடு போட்டார்கள். ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கோடு. நான்கு கோட்டுக்கு மேல் ஐந்தாவது குறுக்கே. இடப்பக்கம் அய்யாக்கண்ணு, வலப்பக்கம் பானு. கரண்ட் போய் ஒரு முறை கெட்டால் மறு முறையில் ஈடுகட்டுவார்கள். அதற்கும் கோடுதான் சாட்சி. ஆண்டிக்குறிச்சியில் பங்குக் கிணறு எத்தனையோ அத்தனைக்கும் இப்படி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவர்களில் மட்டும் யாரும் பொய் எழுதுவதில்லை. எதிர்ப்பக்கத்துக்காரன் தினமும் வந்து படிப்பானே.

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதத்தில், அந்த வேலை வந்தது. குன்னத்துக்கு மேற்கே தொடங்கி வெள்ளாற்றில் போய்ச் சேருகிற ஓடையை ஒட்டி நாற்பத்தோரு ஊர்கள். இவை இப்போது எவ்வளவு தண்ணீர் இறைக்கின்றன, 2050-ல் எவ்வளவு இறைக்கும், நிலத்தடியில் அப்போது என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஒரு தனியார் நிறுவனம் அந்த வேலையை எடுத்திருந்தது. கிணறு கிணறாகப் போய்க் கேட்டு எழுத உள்ளூரில் பட்டம் படித்த ஆள் தேடினார்கள். பானு மனுப் போட்டாள். பெரம்பலூரில் இரண்டு நாள் பயிற்சி. நடத்தியவர் ஜெயசீலன் என்ற பொறியாளர், திட்டத்தின் தலைவர். சத்தம் போடாமல் பேசுகிற மனிதர்.

"விவசாயி என்ன சொல்றாரோ அத எழுதுங்க. நீங்களா ஒண்ணு நெனச்சு எழுதாதீங்க. உங்க அபிப்பிராயத்துக்கு பாரத்துல கட்டம் கெடையாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பானு அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அவள் பாரக்கட்டோடு ஊருக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. பம்புசெட்டுக்கு மீட்டர் வைக்கப்போகிறார்கள், அதற்குத்தான் இந்த விசாரணை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை பால் சொசைட்டி வாசலில், பால் ஊற்ற வந்த ஆண்கள் ஒருவரும் கலையவில்லை. கேனோடு வந்த பானு ஓரமாக நின்றாள். பேசியது அய்யாக்கண்ணு.

"எல்லாரும் ஒண்ணு போல சொல்லணும். ஒருத்தன் நாலுங்கிறது, ஒருத்தன் பத்துங்கிறது, அந்தக் கதை வேணாம். ரெண்டு மணி நேரம். முடிஞ்சுது."

"ஒரு மணி நேரம்னு சொன்னா இன்னும் நல்லதுல்ல?" என்றார் ஒருவர்.

"ஒண்ணுன்னா நம்ப மாட்டான். மூணுன்னா மீட்டர வச்சிருவான். ரெண்டுன்னா பாவமா இருக்கும்."

"எழுதப் போறது ஒந் தம்பி பொண்டாட்டிதான? அப்புறம் என்ன?"

அய்யாக்கண்ணு திரும்பி அவளைப் பார்த்தார். "எழுதுவா. எழுதாம எங்க போவா? இந்த ஊருலதான சோறு திங்கிறா."

பானு எழுதினாள். நூற்று எண்பத்தாறு கிணறும் போரும். ஒவ்வொரு கொல்லையிலும் நின்று, "ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் மோட்டார் ஓடுதுங்க?" என்று கேட்டாள். எல்லா வாயிலிருந்தும் ஒரே விடை. கடைசியாகத் தங்கள் கிணற்றுக்கு வந்தாள். காலை ஆறு மணிக்குப் போட்ட மோட்டார் பகல் ஒரு மணிக்கும் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அவள் கேட்டது அய்யாக்கண்ணுவின் காதில் விழவில்லை. இரண்டாம் முறை கத்திக் கேட்டாள். அவரும் கத்தித்தான் சொன்னார்.

"ரெண்டு மணி நேரம்!"

"மாமா, இப்பவே ஏழு மணி நேரம் ஆச்சு."

"ஒன் அபிப்பிராயத்த யாரு கேட்டா?"

பயிற்சியில் கேட்ட அதே வார்த்தை. அவள் 2 என்று எழுதி, கீழே கணக்கெடுப்பாளர் என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஊரே சொல்கிற பொய். எழுதுகிறவள் கையில் பேனா மட்டும்தானே என்று நினைத்தாள். பிற்பாடு அவள் தன்னை மன்னிக்காமல் இருந்தது இந்த ஒரு நினைப்புக்காகத்தான்.

பாரங்களை வாங்கிப் பார்த்த ஜெயசீலனுக்கு முகம் மலர்ந்தது. மற்ற ஊர்களிலிருந்து வந்த கணக்குக் கண்டபடி இருந்ததாம். ஒருவர் முக்கால் மணி என்றிருக்கிறார், பக்கத்துக் கொல்லைக்காரர் பதினெட்டு மணி என்றிருக்கிறார், பாதிப் பேர் தெரியாது என்றிருக்கிறார்கள். "ஒங்க ஊரு கணக்குதாம்மா சுத்தமா இருக்கு. ஒண்ணுகூட முரண்படல. நீங்க கேட்ட விதம் அப்படி" என்று பாராட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஆண்டிக்குறிச்சியை மாதிரி ஊராக வைத்துக்கொண்டார். அதாவது, இந்த ஊரின் இரண்டு மணி நேரத்தையே நாற்பத்தோரு ஊர்களின் கிணறுகளுக்கும் போட்டுப் பெருக்கி, அதன்மேல் இருபத்தைந்து வருடத்து மழையையும் மக்கள்தொகையையும் வைத்து 2050 வரை கோடு இழுத்தார்கள்.

அந்தக் கோடு புத்தகமாக வந்தது மறுவருடம் தை மாதத்தில். பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு பிரதி வைத்தார்கள். உள்ளே ஒரு படம். ஊறுகிற தண்ணீருக்கு நீலக்கோடு, இறைக்கிற தண்ணீருக்குச் சிவப்புக்கோடு. 2050 வரைக்கும் நீலம் மேலேயே போனது. கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: இந்த ஓடைப் பகுதியில் உபரி நிலத்தடி நீர் உள்ளது, தொழில் தேவைக்கு அனுமதிக்கலாம்.

அதே மாதம் ஒரு மக்காச்சோள மாவு ஆலை மனுப் போட்டது. ஊருக்கு மேல்புறம் மேட்டுநிலத்தில், அய்யாக்கண்ணு கிணற்றிலிருந்து அரைக் கிலோமீட்டரில், எட்டு போர் போட்டு நாளைக்கு ஒன்பது லட்சம் லிட்டர் எடுக்கும். மாசிக் கடைசியில் குன்னத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். அதற்குள் எழுத்துமூலமாக ஆட்சேபம் கொடுக்கலாம் என்று அறிவிப்பு.

நிலவியல் படித்தவளுக்கு அந்த எட்டு போர் என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கோடைக்குள் தங்கள் கிணறு வறண்டுபோகும். ஆறு ஏக்கரும் மானாவாரி ஆகும். அவளுக்கு இருந்தது அந்தக் கிணற்றின் பாதி ஒன்றுதான்.

ஊருக்கு விளங்கச் சில நாள் ஆயிற்று. விளங்கியதும் கோபம் ஆலை மேல் பாய்வதற்கு முன்னால் அவள் மேல் பாய்ந்தது. உபரி என்று எழுதியது யார்? ஒவ்வொரு பாரத்திலும் யார் கையெழுத்து?

சொசைட்டியில் அவள் கேனைத் திறந்து பார்த்த நடராசன், பால் அளக்கிறவர், மூடித் திருப்பிக் கொடுத்தார். "தண்ணி கலந்திருக்கு."

"கருவி வச்சுப் பாருங்க அண்ணே. பாக்காமலே சொன்னா எப்புடி?"

"எதுக்குப் பாக்கணும்? ஊருல தண்ணி மிச்சம் கெடக்குதுன்னு எழுதுன ஆளு. மிச்சத்த எங்கயாவது ஊத்தித்தான ஆவணும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் இரண்டு மணி நேரம் என்று முடிவு செய்தவர்கள். பானு கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "தண்ணிக் கணக்குப் படிச்சவ போறா, வழி விடுங்கடி" என்றது. குரல் கிருஷ்ணம்மாளுடையது. பானு திரும்பினாள்.

"அக்கா, ரெண்டுன்னு சொன்னது ஒங்க வூட்டுக்காரரு."

"சொல்லுவாரு. ஆம்பள ஆயிரம் சொல்லுவாரு. எழுதுற ஒனக்கு அறிவு எங்க போச்சு? படிச்சவதான நீ?"

அதே கேள்வியைத்தான் தனக்குள் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கலைவாணன் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் வந்தான். தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் இரும்புச் சட்டங்கள். "அண்ணன் போன் பண்ணுனாரு. ஊருக்குள்ள தலை காட்ட முடியலங்கிறாரு. ஒனக்கு எதுக்கு இந்த வேலை? நான் அனுப்புறது பத்தலயா?"

"என்னங்க, அந்தக் கணக்கு தப்பு. கூட்டத்துக்கு முன்னால திருத்தணும். இல்லன்னா கெணறு போயிடும்."

"ஊரே சேந்து சொன்னத நீ ஒருத்தி திருத்தப் போறியா?"

"வேற யாரு திருத்துவா? எழுதுனவ நான்தான."

"எங்கண்ணன் பேர இழுத்த, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றான். சிங்கப்பூரிலிருந்து வேறு என்ன செய்ய முடியும், போனை அணைத்தான்.

மறுநாள் அவள் முறை. மோட்டார் போடக் கொட்டகைக்குள் போனவள், கரித்துண்டை எடுத்துக் கோடு போடக் கையைத் தூக்கிய இடத்திலேயே நின்றாள். சுவர் முழுக்கக் கோடு. தை மாதம் தொடங்கி ஒரு நாள் விடாமல் இரண்டு குடும்பமும் சாட்சி வைத்த மணி நேரம். எண்ணிப் பார்த்தாள். நாளுக்குச் சராசரி பதினொன்று. போனை எடுத்துப் படம் பிடித்தாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கொல்லை கொல்லையாகப் போனாள். ஆள் இருந்த இடத்தில் தண்ணீர் குடிக்கக் கேட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கினாள். ஆள் இல்லாத இடத்தில் நேரே உள்ளே போனாள். திருட்டுத்தனம்தான், அவளுக்கும் தெரியும். இரண்டு நாளில் இருபத்தேழு சுவர்கள். எந்தச் சுவரிலும் ஒன்பதுக்குக் குறைவில்லை. ஒன்றில் பதினாறு.

மூன்றாம் நாள் ஒருவர் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் ஆண்டிக்குறிச்சியில் அத்தனை மோட்டார் கொட்டகைக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். பொங்கலுக்குக்கூட வெள்ளை காணாத சுவர்கள். அய்யாக்கண்ணு தாமே சுண்ணாம்பு மட்டையை எடுத்து இரண்டு பூச்சு அடித்தார். தாடையெல்லாம் வெள்ளைச் சொட்டோடு வெளியே வந்தவர் அவளைக் கண்டார்.

"இப்ப எடு போட்டோ. அழகா விழும்."

"மாமா, அந்தக் கோட்ட ஜெயசீலன் சார்கிட்ட காட்டுனா ஆலை வராது. நம்ம கெணறு நிக்கும்."

"ஆலை வராது, மீட்டரு வரும். ஆலைய நாங்க கொடி புடிச்சு வெரட்டிக்குவோம். மீட்டர ஒங்கப்பன் வந்து வெரட்டுவானா?"

"ரெண்டு மணி நேரம்னா தண்ணி மிச்சம்னு அர்த்தம். தண்ணி மிச்சம்னா ஆலை வந்தே தீரும். கொடி புடிச்சா கணக்கு மாறுமா?"

"இந்தா பாரு." அவர் மட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "கூட்டத்துல இந்தக் கெணத்தப் பத்தி நீ வாயத் தொறந்தேன்னா, அன்னையோட ஒனக்கு முறை கெடையாது. வெங்காயம் காஞ்சு கருவாடாப் போவும்."

சுண்ணாம்பு அடித்ததன் பலன் நான்காம் நாள் தெரிந்தது. யார் முறை எத்தனை மணி நேரம் பாக்கி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பங்காளிகளுக்குள் ஊரெங்கும் சண்டை. ஒரு கிணற்றடியில் மண்வெட்டி தூக்கினார்கள்; ஒருவருக்குக் காதோரம் மூன்று தையல். அந்தக் காதுக்கும் பானுவைத்தான் திட்டினார்கள்.

கூட்டம் குன்னத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் வருவாய் அதிகாரி, ஆலைத் தரப்பில் இரண்டு பேர், ஓரத்தில் ஜெயசீலன். ஆண்டிக்குறிச்சியிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். கத்தல் கூரையைத் தூக்கியது. "தண்ணி இல்ல! குடிக்கவே தண்ணி இல்ல!"

பானு முன்பே போய் ஜெயசீலனைப் பார்த்துப் படங்களைக் காட்டியிருந்தாள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது. "இது உண்மைன்னா என் புஸ்தகம் முழுக்கக் குப்பை" என்றார் மெதுவாக. பிறகு, "ஆனா சுவத்துல கரிக்கோட்ட எப்படிம்மா ஆவணமா எடுக்கிறது? எந்தக் கெணறு, எந்தத் தேதி, யார் போட்டது? சொந்தக்காரங்க சொல்லணும். சொன்னா கண்டிப்பா திருத்துறேன்" என்றார்.

கத்தல் அடங்கியதும் அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் முயன்று பார்த்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"ஐயா, தண்ணி இல்லங்கிறீங்க. அப்படின்னா நெறைய எறைக்கிறீங்கன்னு அர்த்தம். நீங்க முன்ன சொன்னது தப்புன்னா இப்ப சொல்லுங்க. ஒரு கொறையும் வராது. ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் மோட்டார் ஓடுது?"

எங்கிருந்தோ ஒரு குரல் தொடங்க, வரிசை வரிசையாக ஏறியது.

"ரெண்டு மணி நேரம்!"

ஆலைத் தரப்பில் உட்கார்ந்திருந்தவர் குனிந்து சிரித்தார். பானு எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கெணறு பதினோரு மணி நேரம் ஓடுதுங்க. எங்கப் பங்கு, எங்க மாமா பங்கு, ரெண்டும் சேந்து. நான்தான் தப்பா எழுதுனேன்."

"யாரு நீ?" என்று அய்யாக்கண்ணு பெஞ்சின் மேல் ஏறினார். "சார், அவளுக்கும் கெணத்துக்கும் சம்பந்தம் இல்ல. அது எங்கப்பன் கெணறு. இவ பொழைக்க வந்தவ!"

"கூட்டுப் பட்டாவுல என் வூட்டுக்காரர் பேரு இருக்குங்க."

"அவன வரச் சொல்லு, அவன் சொல்லட்டும்!"

யாரோ பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்து உட்கார வைத்தார்கள். அதற்குள் ஜெயசீலன் எழுதிக்கொண்டார்.

பங்குனிக் கடைசியில் இறுதி அறிக்கை வந்தது. நீலக்கோடு அதே இடத்தில் இருந்தது. தொண்ணூற்று நான்காம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: மாதிரி ஊரில் ஒரு கிணற்றுக்கு மட்டும் பதினொரு மணி நேரம் எனத் தெரிவிக்கப்பட்டது, மற்ற நூற்று எண்பத்தைந்து கிணறுகளோடு பொருந்தாததால் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஆலைக்கு அனுமதி கிடைத்தது. வாழ்நாளில் அவள் ஊரறியச் சொன்ன ஒரே உண்மையைப் பிழை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஜெயசீலனுக்குப் போன் செய்தாள். "விதி அப்படித்தாம்மா. ஒண்ணு மட்டும் தனியா நின்னா எடுத்துடணும்" என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்தது. அதை வைத்து அவள் என்ன செய்ய?

அய்யாக்கண்ணு சொன்னதைச் செய்தார். கொட்டகைக்குப் புதுப் பூட்டு. பானுவின் வெங்காயம் நடவு செய்து நாற்பது நாள். தாள் நுனியில் மஞ்சள் ஏறியது. மூன்று முறை போய்க் கேட்டாள். மூன்றாம் முறை கிருஷ்ணம்மாள் வாசலில் சாணி கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "ஆலைக்காரன்கிட்ட போய்க் கேளு, மிச்சம் இருக்கும்" என்றாள்.

பானு கரண்ட் ஆபீசுக்குப் போனாள். இணைப்பு இன்னும் இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. பங்குதாரர்களுக்குள் தகராறு இருக்கிறது, தீரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் ஒயர்மேன் வந்து, வெளிச்சுவர்ப் பெட்டியிலிருந்து மூன்று பியூஸ் கட்டையையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு பேரும் சேந்து வந்து கையெழுத்துப் போடுங்க. அன்னிக்கு மாட்டுறேன்."

அய்யாக்கண்ணு ஓடி வந்தபோது மோட்டார் நின்றுவிட்டிருந்தது. "அடிப்பாவி, எனக்கும் ரெண்டரை ஏக்கர் வெங்காயம்டி!"

"தெரியும் மாமா. எனக்கு ஒண்ணரை."

அவர் அடிக்கக் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஊர் கூடிவிட்டது. அன்று மாலை கலைவாணன் போனில் பேசிய எதையும் எழுத வேண்டியதில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டு, "கெணறு எனக்கும்தான்" என்று மட்டும் சொன்னாள்.

மோட்டார் ஓடாத சத்தம் அந்தக் கொல்லைக்குப் புதிது. திட்டத்துக்காரர்கள் கொடுத்துத் திரும்ப வாங்க மறந்த, முனையில் குண்டு கட்டிய நூறடி டேப் ஒன்று அவளிடம் இருந்தது. தினமும் காலையில் போய் விளிம்பில் குனிந்து இறக்கினாள். முதல் நாள் தண்ணீர் ஐம்பத்தாறடியில் கிடந்தது. மூன்றாம் நாள் ஐம்பத்தைந்தரை. ஆறாம் நாள் ஐம்பத்து மூன்றே முக்கால். இரண்டு பக்கமும் வெங்காயத்தாள் சாய்ந்து வைக்கோல் நிறமாயிற்று. அவளுடையதும் செத்தது, அவருடையதும் செத்தது. கோடையில், மழையில்லாமல், ஒரு கிணற்றில் தண்ணீர் ஏறுவதை ஆண்டிக்குறிச்சி பார்த்ததில்லை. நிறுத்திப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டு அவளோடு பேசாமல் போனார்கள். மேட்டுநிலத்தில் ஆலைக்காரர்களின் போர் வண்டி வந்து நின்றிருந்தது.

ஒன்பதாம் நாள் அய்யாக்கண்ணு வந்தார். எதிர் விளிம்பில் நின்றார்.

"கையெழுத்துப் போட வரியா இல்லையா?"

"ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம். ரெண்டு பங்கும் சேந்து அவ்வளவுதான். அத எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க, நானும் போடுறேன்."

"ஒன் சட்டத்துக்கு நான் நிக்கணுமா?"

"நாலடி ஏறியிருக்கு மாமா."

"பொய். நீ எழுதுன கணக்கெல்லாம் பொய்."

அவள் சுற்றி நடந்து போய் டேப்பை அவர் காலடியில் வைத்துவிட்டுத் தன் பக்கத்துக்குத் திரும்பினாள். அவர் நெடுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு குந்தி உட்கார்ந்து, பழக்கமில்லாத கையால் இறக்கினார். குண்டு தண்ணீரைத் தொட்டது மேலே கேட்டது. எண்ணைப் பார்த்தார். இழுத்துவிட்டு மறுபடியும் இறக்கினார். மறுபடியும் பார்த்தார்.

சுருட்டியதை அவளிடம் கொடுக்கவில்லை. தோளில் துண்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, காய்ந்த தாள்களை மிதித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். பத்தாம் நாள் விடிந்து பானு கிணற்றுக்குப் போனபோது அவர் முன்பே வந்து குனிந்திருந்தார். அவள் வந்ததைக் கண்டும் நிமிரவில்லை.

"இன்னும் ரெண்டு அங்குலம் ஏறியிருக்கு" என்றார், கிணற்றைப் பார்த்து.